மூலையில் தெரிவது கட்டைவிரல்

பிப்ரவரி 3

அன்புள்ள எறும்புக்கு,

நாற்பத்தாறு வயதில், வாசலில் டாக்டர் என்று பலகை மாட்டியிருப்பவளை இன்னும் எறும்பு என்று கூப்பிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். உன் அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் எப்போது பார்த்தாலும் சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பாயாம். அவர் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் விடுவதாக இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். இருபத்தெட்டு வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு முக்கியமான விஷயம் என்றால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. தவிர, போனில் நீ நடுவில் வெட்டிப் பேசுவாய். காகிதத்தில் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

முதலில் நன்றி. பக்கவாதம் வந்து அவர் படுக்கையில் இருந்த மூன்று வருடமும் நீ அங்கிருந்தபடியே செய்ததற்கெல்லாம். ஏற்றி இறக்குகிற அந்தக் கட்டில், முதுகு புண்ணாகாத மெத்தை, மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே, ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு வந்த உன் வீடியோ அழைப்பு. அதற்காகச் சனிக்கிழமையே ஷேவ் செய்துவிடு என்று நச்சரிப்பார். என்னிடம் ஒரு வார்த்தைக்கு ஒன்பது முறை திணறுகிறவருக்கு, உன்னிடம் ஜோக் சொல்ல மட்டும் எப்படித்தான் வாய் வருமோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே.

என் கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தைச் சுற்றிச் சுருக்கம். வயசானால் வருவதுதானே என்று நானும் விட்டுப் பார்த்தேன். கவுன்டருக்கு வருகிறவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். "என்ன மேடம், அழுதீங்களா?" "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர். ஸ்டாம்ப் வாங்க வந்தவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஸ்டாம்பை மறந்துவிட்டுப் போகிறார். நான் அழுது நான்கு மாதம் ஆகிறது. மனசு ஒருவழியாகத் தேறிவிட்டது. முகத்துக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. எங்கள் இலாகா மாதிரியே தாமதம்.

இதற்கு ஊசி இருக்கிறதாமே. நீ நாள் முழுக்க அதைத்தான் போடுகிறாய் என்று உன் அண்ணன் பெருமையாகச் சொல்வார். எனக்கும் போடுவாயா? குமரியாகத் தெரிய வேண்டாம். என் முகத்தைப் பார்த்து யாரும் துக்கம் விசாரிக்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. கேட்கத் தயக்கம், கேட்டுவிடுகிறேன். அவர் போன பிறகு ஞாயிறு பத்து மணிக்கு போன் அடிப்பதில்லை. நியாயம்தான், நீ அண்ணனோடு பேசத்தானே கூப்பிட்டாய். ஆனால் அண்ணன் இல்லாத வீட்டில் அண்ணி உறவா, இல்லையா? எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்? ஊசியைச் சாக்கு வைத்தாவது உன்னை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஓர் ஆசை.

உன் அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. சொந்தக்காரர்களுக்கு நான் ஊசி போடுவதில்லை. தொழில் தொடங்கிய நாளிலிருந்து வைத்திருக்கிற கட்டுப்பாடு. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொந்தக்காரரிடம் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். உங்கள் ஊரிலேயே நல்ல தோல் டாக்டர்கள் இருப்பார்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை.

என்னிடம் வருகிற யாரிடமும் எதற்காக இந்த ஊசி என்று நான் கேட்பதில்லை. அவரவர் முகம், அவரவர் விருப்பம். உங்களிடம் மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அண்ணன் போய்ப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமா? உங்கள் கண்ணுக்குக் கீழே இருப்பது சுருக்கமா அண்ணி? அது அண்ணன். அவர் படுத்திருந்த மூன்று வருடம். அதை ஊசி போட்டுத் துடைத்துவிடு என்று அவர் தங்கையிடமே கேட்கிறீர்கள்.

ஞாயிறு பத்து மணிக்கு ஏன் கூப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூப்பிட்டால் திரையில் அவர் முகம் வராது. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. நாளைக்குப் படித்துப் பார்த்தால் அனுப்ப மனசு வராது. அதனால் இப்போதே போய்ப் பெட்டியில் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 17

டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தபால் ஆபீஸில் வேலை பார்ப்பதால், கிடைக்கவில்லை என்று பொய் சொல்லவும் வழியில்லை.

அந்தக் கட்டிலை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதுவும் துடைப்பது என்றால் துடைப்பதுதான். அவர் தலையணை உறையையும் துவைத்து மடித்துவிட்டேன். மூன்று வருடம் தினமும் துவைத்தது, பழக்கதோஷம்.

தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் மனைவி


மார்ச் 9

அண்ணி,

நீங்கள் என்னைத் "தங்கள்" போட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

நான்கு நாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. எழுதியது தவறு என்று எழுத உட்கார்ந்தால், "ஆனால்" என்று ஒரு வார்த்தை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் என் வருத்தமும் வருத்தம்தானே. ஆனால் நீங்களும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே. பார்த்தீர்களா, மறுபடியும்.

அந்த "ஆனால்" போன பிறகு எழுதுகிறேன். அதுவரைக்கும் ஒரு வரியாவது போடுங்கள். நலமா என்று மட்டும்.

எறும்பு


ஏப்ரல் 2

எறும்புக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். வீராப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயம் ஜெயித்துவிட்டது.

பக்கத்துக் கவுன்டரில் பார்சல் வாங்குகிறாளே, பார்சல் அக்கா என்று ஊரே கூப்பிடுகிறதே, அவளுக்குத் தெரிந்த ஓர் அழகு நிலையம். முன்னால் முடி வெட்டுவார்கள். பின்னால் திரை போட்ட ஓர் அறை. "டாக்டர் எல்லாம் எதுக்கு, இவங்க கை ரொம்ப ராசியான கை" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள்மேல் தப்பில்லை. உன் கடிதம் படித்த சூட்டில் நான் யார் கூப்பிட்டாலும் போயிருப்பேன். நீ போடாவிட்டால் உலகத்தில் ஊசியே கிடையாதா என்று ஒரு திமிர்.

கண்ணுக்குக் கீழே ஏதோ ஜெல் வைத்தார்கள். முதல் பத்து நாள் ராஜாத்தி மாதிரிதான் இருந்தேன். பள்ளத்தைக் காணோம். கவுன்டரில் ஒருவரும் துக்கம் விசாரிக்கவில்லை. பதினோராம் நாள் இடது கண்ணுக்குக் கீழே நீலம் பூத்தது. பிறகு வலது பக்கமும். இடது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு மேடு. காலையில் எழுந்தால் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு நிற்கிறது. போய்க் கேட்டால், "ஐஸ் வைங்க, தானா அமுங்கிடும்." இரண்டாவது முறை போனபோது திரை இருந்தது, நாற்காலி இருந்தது, ராசியான கையைத்தான் காணவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

இப்போது "அழுதீங்களா" என்று யாரும் கேட்பதில்லை. "யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்கிறார்கள். நேற்று ஒரு பெரியவர் மணியார்டர் படிவத்தின் பின்பக்கத்தில் பெண்கள் உதவி எண்ணை எழுதிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். "பயப்படாதம்மா, நான் சாட்சி சொல்றேன்" என்றார். எங்கள் வீட்டில் அடிக்கவும் ஆள் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு கைக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தேன்.

கண் பார்வைக்கு ஏதாவது ஆகிவிடுமா? கண் போனால் இந்த வேலை போச்சு. வேலை போனால், பேச்சுக் கொடுக்க அந்த ஸ்டாம்ப் வாங்குகிறவர்கள்கூட எனக்கு இல்லை. நீ போட மாட்டாய் என்று தெரியும். யாரிடம் போகலாம் என்று மட்டும் சொல். உன் அண்ணனுக்காகச் சொல்.

அண்ணி


ஏப்ரல் 5, விரைவுத் தபால்

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் ஆபீஸுக்கு போன் செய்தேன். பார்சல் அக்கா எடுத்தார். பார்வை மங்குதா, வலி இருக்கா, தோல் எங்கேயாவது வெளுத்திருக்கா என்று கேட்கச் சொன்னேன். அவர் அங்கிருந்து கத்த, நீங்கள் "இல்ல, இல்ல, இல்லவே இல்ல" என்று பதிலுக்குக் கத்தியது என் காதில் விழுந்தது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போனுக்கு வர மாட்டேன் என்று கையை ஆட்டினீர்களாம், அதையும் மறக்காமல் சொன்னார். சரி, எழுதுகிறேன்.

கண்ணுக்கு இப்போது ஆபத்து தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே தோல் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. ஜெல்லை ஆழத்தில், எலும்பை ஒட்டி வைக்க வேண்டும். உங்களுக்கு மேலாகவே வைத்துவிட்டார்கள், அதுவும் நிறைய. அதுதான் நீலமாகத் தெரிகிறது. பெரும்பாலான ஜெல்லைக் கரைக்க மருந்து இருக்கிறது. நடுவில் பார்வை மங்கினாலோ சுருக்கென்று வலித்தாலோ அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

யாரிடம் போகலாம் என்று கேட்டீர்கள். என்னிடம். கட்டுப்பாட்டை வைத்தது நான், எடுப்பதும் நானே. பதிமூன்றாம் தேதி வேறு யாரையும் வரச் சொல்லவில்லை.

என்ன ஜெல் என்று ஏதாவது சீட்டு கொடுத்தார்களா? தேடிப் பாருங்கள், அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எப்போதாவது தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்ததுண்டா? கரைக்கிற மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதற்காகக் கேட்கிறேன். அண்ணன் படுப்பதற்கு முன்னால் எடுத்த உங்கள் படம் ஒன்றும் அனுப்புங்கள், முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி. பழைய படத்தைப் பார்க்காமல் நான் யார் முகத்திலும் ஊசி வைப்பதில்லை. இருந்ததைத் திருப்பி வைக்கலாம், இல்லாததை வைக்கக் கூடாது.

அந்த "ஆனால்" போய்விட்டது அண்ணி. உங்கள் கடிதத்தில் நீலம் என்ற வார்த்தையைப் படித்த இடத்திலேயே போய்விட்டது.

எறும்பு


ஏப்ரல் 8

எறும்பு,

சீட்டு ஒன்றும் தரவில்லை. ஆனால் எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் மேலட்டையைப் பத்திரப்படுத்துகிற தபால்காரப் புத்தி எனக்கு. அவர்கள் குப்பையில் போட்ட அட்டையை எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். இத்துடன் இருக்கிறது.

தேனீ கொட்டியதில்லை. எறும்பு ஒருமுறை கொட்டியது, பிப்ரவரி பதினொன்றாம் தேதியிட்ட கடிதத்தில். தடிப்பு இப்போது வடிந்துவிட்டது.

படமும் வைத்திருக்கிறேன். எனக்குத் தலைமைக் கவுன்டர் கொடுத்த அன்று எடுத்தது. எடுத்தவர் உன் அண்ணன். மூலையில் மங்கலாகத் தெரிவது அவர் கட்டைவிரல். அவர் எடுத்து, விரல் விழாத படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. முகம் தெளிவாக இருக்கிறது, அது போதும்தானே?

பதிமூன்றாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. இந்த முகத்தோடு பிளாட்பாரத்தில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதால், அடித்தது நீதான் என்று நினைப்பார்கள்.

அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணி,

இரண்டாம் முறை வந்துவிட்டு நீங்கள் ரயிலேறிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வீக்கம் முழுதும் வடிந்திருக்கும். இன்னும் கொஞ்ச நாளைக்குக் கண்ணைக் கசக்க வேண்டாம்.

நாற்காலியில் வைத்துச் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். ஊசி பிடித்த கையோடு அழ முடியாது.

ஏப்ரலில் வந்தபோது ஒரே நாளில் ஜெல் கரைந்துபோய், மறுநாள் உங்கள் சொந்த முகம் தெரிந்தது. வழக்கம்போல் ஒரு படம் எடுத்தேன். சிரிக்கக் கூடாது, தாடையைத் தாங்கியில் வைக்க வேண்டும் என்றதும், "பாஸ்போர்ட்டா குடுக்கப் போற?" என்றீர்கள். நீங்கள் காபி குடிக்கப் போன நேரத்தில், அந்தப் படத்தையும் நீங்கள் அனுப்பிய பழைய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தினமும் செய்கிற வேலைதான். இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருடம். யாராவது என்னிடம் கேட்டிருந்தால் பதினைந்து என்று சொல்லியிருப்பேன்.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அப்போதுதான் யோசித்தேன். முகம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மூன்று வருடம் வாராவாரம் உங்கள் வீட்டுக்குள் பார்த்திருக்கிறேன். நூற்றைம்பது ஞாயிறு இருக்கும். அண்ணன் முகம் நினைவிருக்கிறது. அவர் சட்டை, தலையணை உறையின் கோடு, பின்னால் ஜன்னல் கம்பியில் காய்ந்த துண்டு, எல்லாம் நினைவிருக்கிறது. உங்கள் முகம் ஒரு ஞாயிறுகூட இல்லை. போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நீங்கள்.

முக்கால் மணி நேரம் கையை நீட்டியபடி நிற்பீர்கள். கை வலிக்காமலா இருந்திருக்கும்? சில நாள் உங்கள் கட்டைவிரல் திரையின் ஓரத்தில் வந்துவிடும். நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "அண்ணி, விரலை எடுங்க, அண்ணனை மறைக்குது." மூன்று வருடத்தில் நான் உங்களிடம் அதிகம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்டதில்லை. அப்படி இருந்துவிட்டு, உங்கள் கண்ணுக்குக் கீழே இருப்பது அண்ணன் என்று எழுதினேனே, எந்த முகத்தைப் பார்த்து எழுதினேன்?

இந்த முறை பள்ளத்துக்கு அளவோடு வைத்துவிட்டு, கண் ஓரத்தில் இருக்கிற கோடுகளுக்கும் ஓர் ஊசி போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டீர்கள். "அதைத் தொடாதே. அது உங்க அண்ணன் ஜோக்குக்குச் சிரிச்சுச் சிரிச்சு வந்தது. மட்டமான ஜோக்தான், இருந்தாலும் சிரிச்சேனே. கீழே இருந்தது அவரோட வியாதி. அவர் ஓரத்துலதான் இருக்கார், இருந்துட்டுப் போகட்டும்" என்றீர்கள். நான் கையுறை மாற்றுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேனே, கையுறைக்காகப் போகவில்லை.

அண்ணன் போன அன்று எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு, ஆம்புலன்ஸ் டிரைவருக்கு, நாற்காலி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு. உங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டு ஆளுக்கு எதற்கு நன்றி என்று விட்டுவிட்டேன்.

என் அண்ணனைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி அண்ணி. ஷேவ் செய்து விட்டதற்கு, உறை துவைத்ததற்கு, எனக்காக போனைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு.

வருகிற ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். போனை உங்கள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள்.

எறும்பு


மே 28

என் எறும்புக்கு,

முகம் நன்றாக இருக்கிறது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஸ்டாம்ப் கேட்கிறார்கள், கொடுக்கிறேன், போகிறார்கள். இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. உதவி எண் எழுதிக் கொடுத்த பெரியவர் மட்டும் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "தைரியமா வெளிய வந்துட்ட போல, நல்லா இரும்மா" என்று வாழ்த்தினார். அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன், சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டேன். பார்சல் அக்கா உன்னைப் பார்க்க வர வேண்டும் என்கிறாள். வேண்டாத ஊசியை வேண்டாம் என்று சொல்லும் டாக்டர் என்று எச்சரித்து வைத்திருக்கிறேன்.

உனக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். உன் கட்டுப்பாட்டை எனக்காக உடைத்தாய். கண் போய்விடும் என்று பயந்துகொண்டு கிடந்தவளுக்கு, ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கினாய். அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாய். வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்வாயாம், உன் நர்ஸ் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சொன்ன மாதிரி யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாய். நான்கு வருடத்தில் என் முகத்தை ஒருவர் அன்பாகத் தொட்டது அன்றைக்குத்தான்.

உன் கடிதம் நேற்றுக் காலைத் தபால் கட்டோடு வந்தது. வீட்டுக்குப் போகிற வரைக்கும் பொறுக்க முடியவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே பிரித்தேன். விரலை எடுங்க என்று நீ சொன்னதெல்லாம் எனக்கு நினைவே இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்ததும் என் வலது கை வலித்தது, நிஜமாகவே வலித்தது. கசக்கக் கூடாது என்று நீ சொன்னதால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல், அது பாட்டுக்கு வழிய விட்டேன். வரிசையில் முதலில் நின்றவர் குனிந்து பார்த்தார்.

"என்ன மேடம், அழுதீங்களா?"

"ஆமாங்க. அழுதேன்."

"ஐயோ, என்ன ஆச்சு?"

"எங்க நாத்தனார் லெட்டர் போட்டிருக்கா."

"நாத்தனாரா!" என்று அவர் பெருமூச்சு விட்டார். "எல்லா வீட்லயும் இதே கதைதாங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டாம்பை மறந்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் ஓடிப்போய் விளக்கம் சொல்ல நேரமில்லை, வரிசை நீளம்.

ஞாயிறு பத்து மணிக்குத் தயாராக இருப்பேன். இன்றைக்கு போனை என் பக்கம் திருப்பிப் பிடித்துப் பழகிப் பார்த்தேன். மூன்று வருடப் பழக்கம், கை வெளிப்பக்கம்தான் திரும்பப் பார்க்கிறது. ஒருவழியாக முகம் முழுதும் திரைக்குள் வந்தது. கட்டைவிரலும் மூலையில் வந்து விழுந்தது. நகர்த்தலாம் என்று நினைத்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் அண்ணி